ஏழு பெருமூச்சுக் கழுதை

உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் சரியான விலை என்று ஒன்று உண்டு. அது எவ்வளவு என்று தெரியாமல்தான் ஆதி மனிதர் தொடங்கி நேற்றுச் சாயங்காலம் மீன் வாங்கிய நான் வரைக்கும் அத்தனை பேரும் ஏமாந்துகொண்டிருந்தோம். அந்த ஏமாற்றத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த ஊர் ஏடன். வைத்தவர் எங்கள் சுங்கக் கண்காணிப்பாளர் மக்லத். வைத்த நூலின் பெயர் 'முகமறிந்து விலையறிதல்'. நூற்றுப் பதினெட்டுத் தாள், ஆட்டுத்தோல் அட்டை, பொன் நிற மூலைகள். அந்த நூலின் பிறப்பில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பெயர் உம்மு நுஜைம். ஏடன் சுங்க மண்டபத்தில் கப்பலில் வந்து இறங்கும் பெண்களைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சோதிப்பது என் உத்தியோகம். முப்பத்தோரு ஆண்டாகச் செய்கிறேன். கொண்டைக்குள் கற்பூரம், மார்புத் துணிக்குள் கஸ்தூரி, குழந்தையின் தொட்டில் துணிக்குள் முத்து, எதுவும் என் கைக்குத் தப்பியதில்லை. நிறைமாதம் என்று சொல்லிக்கொண்டு இறங்கியவர்களிடமிருந்து எத்தனையோ பட்டுச் சுருள்களுக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். எல்லாம் சுகப்பிரசவம்.

எங்கள் மண்டபத்தில் உள்ளே வரும் சரக்குக்குப் பத்தில் ஒரு பங்கு வரி. குதிரைக்கு மட்டும் விலக்கு. குதிரை ஊருக்குள் எப்படி வந்தாலும் நாங்கள் தொட மாட்டோம்; காற்று திரும்பும் மாதத்தில் அது இந்தியாவுக்குக் கப்பலேறும்போதுதான் பிடித்துக்கொள்வோம். சுல்தானின் ஆணை அப்படி. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொண்டேன், அதனால்தான் இன்றைக்கு இந்த நிலையில் இருக்கிறேன்.

பத்தில் ஒரு பங்கு என்றால், எதில் பத்து என்று தெரிய வேண்டுமல்லவா? அங்கேதான் சிக்கல். ஏடனில் யாரும் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மேல் துணியை இருவர் கைமீதும் போர்த்திக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு விரல், இரண்டு விரல், மணிக்கட்டில் ஒரு தட்டு, உள்ளங்கையில் ஒரு கீறல். சுற்றி நூறு பேர் நின்றாலும் துணிக்குள் நடந்தது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். சந்தை நடுவில் வாயால் விலை சொல்பவன், சந்தை நடுவில் இடுப்புத் துணியை அவிழ்த்தவனுக்குச் சமம். அவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

மக்லத் ஸபீத் நகரத்தில் படித்தவர். இலக்கணம், வானசாஸ்திரம், சொத்துப் பங்கீடு மூன்றும் கரைத்துக் குடித்தவர். தம் வாழ்நாளில் ஒரு வெங்காயம்கூட வாங்கியதில்லை என்பதால் பாரபட்சம் இல்லாதவர். வேலைக்கு வந்த முதல் நாளே, 'விலைக் கையேடு இல்லாத துறைமுகம் வாசல் இல்லாத வீடு' என்று ஊரை ஆளும் அமீருக்கு எழுதினார். பிறகு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய் உட்கார்ந்தார். பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தார்.

விற்றவனைக் கேட்டார். என் பிள்ளைகளின் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று அவன் அழுதான். வாங்கியவனைக் கேட்டார். என்னை உயிரோடு உரித்துவிட்டான் என்று அவன் அழுதான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன வரும் என்று மூன்று வாரம் யோசித்தார். ஒரு நாள் பொறுமை போய், மிளகு பேசிக்கொண்டிருந்த இருவரின் துணியைச் சட்டென்று தூக்கிப் பார்த்துவிட்டார். தரகர் ஒருவர் மயங்கி விழுந்தார். சந்தை இரண்டு நாள் கதவடைத்தது. அமீர் தம் கையாலேயே தரகரின் வீட்டுக்குப் பேரீச்சம்பழம் அனுப்பிச் சமாதானம் செய்தார்.

அன்று மண்டபத்துக்குத் திரும்பி வந்தவர் என் திரைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேச்சுத் துணைக்கு வேறு ஆள் இல்லை.

"உம்மு நுஜைம், துணிக்குக் கீழே பாக்க விட மாட்டேங்குறாங்க. துணிக்கு மேல என்னதான் இருக்கு?"

"முகம்தான் இருக்கு, எஜமான்."

அவர் எழுந்து நின்றார். முக்காலி விழுந்தது. இதுதான் அந்த நூலில் என் பங்கு.

அடுத்த ஒரே மாதத்தில் நூல் முடிந்துவிட்டது. பதினோரு மாதம் மூடியிருந்த கதவு திறந்தால் வேறு எப்படி இருக்கும்? ஒருவன் நெற்றியைச் சுளித்தால் அதற்கு இத்தனை காசு என்று ஓர் அளவு. பெருமூச்சு விட்டால் சுளிப்பைப் போல் ஐந்து மடங்கு. எச்சில் விழுங்கினால் சுளிப்பில் பாதி. செத்துப்போன தகப்பனார் மேல் சத்தியம் செய்தால் இரண்டு சுளிப்பு. தகப்பனார் உயிரோடு இருந்தால் ஒன்று. பதினான்காம் தாளில் 'கற்பூரம், ஒரு பெட்டி: பெருமூச்சு இரண்டு, புருவ உயர்த்தல் மூன்று' என்று இருக்கும். 'மிளகு, ஒரு மூட்டை: பெருமூச்சு ஒன்று, மீசை கடித்தல் ஒன்று.' 'பழக்கிய போர்க்குதிரை: பெருமூச்சு ஆறு.' குதிரைக்கு மேல் எந்தப் பொருளும் நூலில் இல்லை. ஆறு பெருமூச்சுக்கு மேல் விட்டவனை அவர் பார்க்கவில்லை.

எந்த முகம் அசைந்ததோ அந்த முகம் வரி கட்டும் என்பது நூலின் மையக் கோட்பாடு. விற்றவனா வாங்கியவனா என்ற பழங்காலத்துச் சண்டை ஒரே வரியில் ஒழிந்தது.

பெருமூச்சுக்கும் கொட்டாவிக்கும் என்ன வேறுபாடு என்று முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடியது. மக்லத் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஏழு உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். எழுத்தர் ஹன்ளலா அவற்றைப் பெருமூச்சு என்று எழுதி ஏழு பேருக்கும் வரி போட்டுவிட்டான். அதிலேயே ஒரு மாதம் போயிற்று. கடைசியில் 'வாய் வழி போனால் கொட்டாவி, மூக்கு வழி போனால் பெருமூச்சு, ஐயம் ஏற்பட்டால் பெருமூச்சு' என்று தீர்மானமாயிற்று.

ஆண்களின் முகத்தை எண்ணுவதற்கு ஹன்ளலா. பெண்களின் முகத்தை அந்நிய ஆண் உற்றுப் பார்க்கக் கூடாது என்பதால் திரைக்குப் பின்னால் நான். 'மகளிர் முகக் கணக்கர்' என்று என் பதவிக்குப் பெயர் வைத்தார்கள். சம்பளத்தோடு மாதம் ஒரு குடுவை எள்ளெண்ணெய் கூடுதல். கண் கூர்மைக்காக.

நூல் என்ன சாதித்தது என்று கேட்பவர்கள் ஏடனுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். முதலில் புரிந்துகொண்டவர் பா மஹ்ரூஸ். கப்பல் நிறைய மிளகும் இரும்பும் இறக்குகிற பெரிய வணிகர். ஒரு காலைப்பொழுது அவர் துணிக்குள் கையை விட்டு முப்பது மூட்டை மிளகை விற்றார். முகத்தில் ஒரு புன்னகை. தூளியில் தூங்குகிற பிள்ளையின் முகத்தில் வருமே, அப்படி. எதிரே வாங்குபவர் முகத்திலும் அதே. ஹன்ளலா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. நூலின்படி முப்பது மூட்டை மிளகு இனாம்.

அதற்குப் பிறகு சந்தையே சிரிக்க ஆரம்பித்தது. கயிறு திரிப்பவர் தெருவில் ஒருவர் புன்னகைப் பள்ளி வைத்தார். காலையில் வணிகர்கள் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் காலில் ஆசிரியர் குச்சியால் அடிக்க, சிரித்துக்கொண்டே இருந்து பழகினார்கள். ஒரு பக்கம் முகம் விளங்காமல் போன கிழவர் ஒருவருக்குத் திடீரென்று ஊரெல்லாம் அழைப்பு வந்தது. தங்களுக்குப் பதிலாக அவரை உட்கார வைத்தால் வரி பாதிதான். இழவு வீட்டுக்காரர்கள் கபன் துணி வாங்கும்போதுகூடச் சிரித்த முகமாக நின்றார்கள். பா மஹ்ரூஸின் மனைவி ஒரு நாள் என்னிடம் வந்து கவலைப்பட்டாள்.

"இருபது வருஷமா இந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்ததில்ல. இப்ப ராத்திரி தூக்கத்துலயும் சிரிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு, உம்மு நுஜைம்."

தூக்கத்தில் சரக்கு இறக்குகிறாராக இருக்கும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இதற்கு முன் எத்தனையோ ஆட்சிகள் மக்களை மகிழ்ச்சியாக வைக்கப் பார்த்தன. ஒரு கையேடு அதைச் செய்து காட்டியது.

சுங்கப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. மக்லத் இதற்கும் விளக்கம் வைத்திருந்தார். 'என் நூலின் பயனாக ஏடனில் எல்லாப் பொருள்களின் விலையும் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டது' என்று அமீருக்குப் பெருமையோடு எழுதினார். அமீரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. 'விலை குறைந்ததில் மகிழ்ச்சி. என் முகத்தைப் பார்க்க நேரில் வரவும்.'

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை. ஆனால் வந்ததும் எங்களைக் கூப்பிட்டு, இந்த ஊரில் இன்னும் முகம் சுளிப்பவர்கள் யார் யார் என்று கேட்டார். புன்னகைப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் என்றான் ஹன்ளலா. அவர்களை விடாதீர்கள் என்றார்.

ஹுபைஷா வந்தது அந்த வாரத்தில்தான்.

ஹுபைஷாவைத் தெரியாதவர்கள் ஏடனில் இல்லை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதும் கடலைக் குடிப்பதும் ஒன்று. மலைவாசலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, வெளியே இருக்கும் கிணறுகளிலிருந்து நல்ல தண்ணீரைத் தோல் பைகளில் நிரப்பிக் கழுதை மேல் கொண்டு வந்து விற்பவர்களில் அவள் ஒருத்தி. புருஷன் கடலோடு போனவன் போனவன்தான். வீட்டில் ஐந்து வாய். எங்கள் சுங்க மண்டபத்துக்கும் நாங்கள் குடியிருக்கும் கயிறு திரிப்பவர் தெருவுக்கும் பதினாறு வருடமாக அவள்தான் தண்ணீர். அவளுடைய கிழட்டுக் கழுதை பாலத்து மேலேயே படுத்து உயிரை விட்டது. நாற்பது நாள் தன் முதுகிலேயே பையைச் சுமந்தாள். சுமந்தபடியே காசு சேர்த்து, கால் தண்டையையும் விற்று, ஸைலாவிலிருந்து கழுதைகளோடு படகில் வந்திருந்த அம்பரோ என்ற வியாபாரியிடம் ஒரு குட்டிக் கழுதைக்குப் பேச உட்கார்ந்தாள். சாம்பல் நிறம், மூக்கு மட்டும் வெள்ளை, இடது காதில் ஒரு கிழிசல். இன்னும் ஒரு வாரம் முதுகில் சுமந்தால் தானும் பாலத்து மேலே படுத்துவிடுவாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

படகில் வந்த சரக்கு. பேசுபவர்கள் இரண்டு பெண்கள். ஆகவே பேச்சு என் திரைக்குப் பின்னால். நான் ஓலையும் எழுதுகோலுமாக உட்கார்ந்தேன்.

அம்பரோ ஊர் ஊராகப் போகிறவள். ஏடன் நூலைப் பற்றி ஸைலாவிலேயே கேள்விப்பட்டிருந்தாள். துணியைப் போர்த்தியதும் முகத்தைச் சுவர் மாதிரி ஆக்கிக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தாள். ஹுபைஷாவின் முகம் துணி போர்த்துவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

"அடியே, முகத்தைக் கொஞ்சம் ஒழுங்கா வச்சுக்கோ" என்றேன். ஓர் அலுவலர் சொல்லக் கூடாததுதான்.

"எப்படிக்கா வச்சுக்கறது? இது எங்கம்மா வச்ச மூஞ்சி."

"சிரிச்ச மாதிரி இரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அதை நான் மறக்க மாட்டேன். உதடு ஒரு பக்கம் போயிற்று, கண் இன்னொரு பக்கம் போயிற்று, நடுவில் தண்ணீர் வந்தது. நூலின் தொண்ணூறாம் தாளில் அதற்கு 'கடும் வலிப்பு' என்று பெயர். அம்பரோ விரலை அழுத்த அழுத்த, இவள் பெருமூச்சு விட்டாள். ஒன்று. இரண்டு. நாற்பது நாள் முதுகில் சுமந்த மூச்சு, சின்ன மூச்சாகவா இருக்கும்? திரையே ஆடியது. பேச்சு முடிந்து கை வெளியே வரும்போது ஏழு.

அம்பரோ என் ஓலையை எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குட்டிக்கு நான் வாங்குன காசு என்னான்னு சொன்னா நீ சிரிப்ப. எதுக்கு இம்புட்டு எழுதுற?"

"நான் காசு எழுதல. முகம் எழுதுறேன்."

"பொம்பள பாவம். நாலு மூச்சக் கொறச்சுப் போடு."

நான் குறைக்கவில்லை. நூலுக்கு உண்மையாக இருந்தேன். முப்பத்தோரு ஆண்டில் என் கணக்கில் யாரும் ஒரு தவறு கண்டதில்லை. ஏழு பெருமூச்சு. ஒரு குட்டிக் கழுதை, பழக்கிய போர்க்குதிரையைக் காட்டிலும் ஒரு பெருமூச்சு உயர்ந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு என்பது, அதைப் போல நான்கு கழுதை வாங்கும் தொகை. முகம் அசைந்தது ஹுபைஷாவுடையது. ஆகவே கட்ட வேண்டியவளும் அவள்தான். கட்ட முடியவில்லை. கழுதையை மண்டபத்து முற்றத்தில் கட்டினோம்.

ஹுபைஷா கத்தவில்லை. வாசலுக்கு வெளியே நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை தண்ணீர் வரவில்லை. ஹன்ளலா வெளியே போய்க் கேட்டான்.

"கழுத உள்ள இருக்கு. தண்ணி வெளிய இருக்கு. ரெண்டையும் சேத்து வைங்க, வர்றேன்."

வேறு தண்ணீர்க்காரர்களைக் கூப்பிட்டோம். ஒருவரும் வரவில்லை. ஏடன் தண்ணீர்க்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருத்தியின் வாசலில் இன்னொருத்தி பையை அவிழ்க்க மாட்டாள். அவிழ்த்தால் கிணற்றடியில் அவளுக்கு முறை கிடைக்காது. அமீரின் ஆணையைக்கூட எங்கள் ஊரில் மீறிவிடலாம், கிணற்றடி முறையை மீற முடியாது.

முதல் நாள் மை காய்ந்துபோனது. அதனால் மண்டபத்தில் வேலை நின்றது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒரு ஜாடி மட்டும் மிச்சம். அப்போது ஹன்ளலா விதியை எடுத்து வந்தான். 'கைப்பற்றிய பொருளைப் பழுதின்றிக் காப்பது மண்டபத்தின் முதற்கடமை.' கைப்பற்றிய பொருளோ போர்க்குதிரைக்கு மேல் மதிப்புள்ளது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? ஜாடியைக் கழுதையின் முன்னால் வைத்தோம். அது நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தது. கண்காணிப்பாளர், எழுத்தர், நான், சுமைகாரர்கள் எல்லோரும் சுற்றி நின்று அது குடிப்பதைப் பார்த்தோம். குடித்து முடித்ததும் நன்றாக ஒரு முறை கனைத்தது.

மூன்றாம் நாள் மதியம் மக்லத் தாமே வாசலுக்குப் போனார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஹுபைஷாவின் காலடியில் ஒரு பை நிறையத் தண்ணீர் இருந்தது. வீட்டுக்கென்று அவள் முதுகில் கொண்டு வந்தது.

"அந்தப் பை என்ன விலை?" என்று கேட்டார். வாயால் கேட்டார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தாகம் ஒரு பெரிய மனிதரை எந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

"முறையாப் பேசலாம், எஜமான்" என்றாள் ஹுபைஷா. "துணி போடுங்க."

அந்நிய ஆணும் பெண்ணும் கை பிடிக்க முடியாது. நடுவில் நான் உட்கார்ந்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. என் கையை யார் பிடித்தாலும் ஊரில் புறம் பேச ஆள் இல்லை. இடது கையை ஹுபைஷாவிடமும் வலது கையை மக்லத்திடமும் கொடுத்தேன். மூன்று பேர் கைமீதும் துணி விழுந்தது. ஹன்ளலா கடமைப்படி எதிரே வந்து நின்று ஓலையை எடுத்தான்.

ஹுபைஷா என் விரல்களைப் பிடித்தாள். தோல் உரிந்த கை, கயிறு அறுத்த கை. அவள் கேட்ட தொகையை இங்கே எழுத மாட்டேன். எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அந்தத் தொகை எனக்கு நன்றாகத் தெரிந்த தொகை. கழுதைக்கு நான் எழுதின வரி. ஒரு விரல் கூட்டவில்லை, ஒரு விரல் குறைக்கவில்லை. அதை அப்படியே வலது பக்கம் கடத்தினேன்.

மக்லத்தின் முகத்தில் நூலின் நூற்றுப் பதினெட்டுத் தாளும் ஒரே சமயத்தில் புரண்டன.

"சுளிப்பு ஒம்பது" என்று உரக்கச் சொன்னான் ஹன்ளலா. உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. "எச்சில் விழுங்குதல்... விழுங்கப் பாத்தாரு, எச்சில் இல்ல. அதுக்குத் தாள் இல்ல. பெருமூச்சு நாலு. பெருமூச்சு அஞ்சு."

"நிறுத்துடா."

"அதட்டல் ஒண்ணு. அதட்டல் ரெண்டு சுளிப்புக்குச் சமம், எஜமான். எழுபதாம் தாள்."

"ஹன்ளலா, நான் உன் கண்காணிப்பாளன்."

"பதவியைச் சொல்லிப் புலம்புதல்" என்று எழுதிக்கொண்டான் ஹன்ளலா. "பெருமூச்சு எட்டு. இது மூக்கு வழியா வந்தது, நானே பாத்தேன்."

அதோடு கையை உருவிக்கொண்டார். பேச்சு படியவில்லை. ஆனால் முகம் அசைந்தது அசைந்ததுதான். ஒரு தோல் பைத் தண்ணீரின் விலை எட்டுப் பெருமூச்சுக்கு மேல் என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு கண்காணிப்பாளர் மக்லத்திடமிருந்து வர வேண்டும் என்றும் ஹன்ளலா ஓலையை நீட்டினான். நேர்மையான பையன். அவனை யாரும் திட்டக் கூடாது. அவனை உருவாக்கியது அந்த நூல்.

அன்று நடந்ததுதான் எங்கள் மண்டபத்தின் வரலாற்றிலேயே மிகச் சுருக்கமான கூட்டம். யாருக்கும் நாக்கு புரளவில்லை. நூலைத் திருத்தலாமா என்று ஒருவர் முனகினார். அமீரிடம் மூன்று படி கொடுத்தாகிவிட்டது, ஸபீதிலும் தஇஸ்ஸிலும் நகல் எடுக்கிறார்கள், நூல் தவறாக இருக்க வழியில்லை என்றார் மக்லத். ஏழு பெருமூச்சுக்குக் கழுதை உலகத்திலேயே கிடையாது என்றும் நூல் சொல்கிறது. அப்படியானால் முற்றத்தில் கட்டியிருப்பது என்ன?

தொண்டையை நனைக்க ஒன்றும் இல்லாமலேயே நான் பேசினேன்.

"எஜமான், அது கழுதையா இருந்தாத்தானே சிக்கல்? குதிரையா இருந்தா உள்ள வர்றதுக்கு வரியே இல்லையே."

மறுபடியும் முக்காலி விழுந்தது.

அரை நாழிகையில் தீர்மானம் எழுதப்பட்டது. மை இல்லாததால் கரித்துண்டால் எழுதினார்கள். ஒன்று: நூல் சரியானது. இரண்டு: முற்றத்தில் உள்ள பிராணி, விலையை வைத்துப் பார்க்கும்போது, குதிரை. காது நீளம் என்பது தோற்றம் பற்றியது. இது தோற்றத்தை ஆராயும் அலுவலகம் அன்று. மூன்று: அலுவலர்களின் முகம் 'அலுவல் முகம்' ஆகையால் அதன் அசைவுகள் எந்தப் பொருளின் விலையிலும் சேரா. மூன்றாம் தீர்மானம் எப்படி உள்ளே வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. நூற்றுப் பத்தொன்பதாம் தாளாக அதைச் சேர்த்துத் தைத்தார்கள்.

கழுதையின் கழுத்தில் 'குதிரை' என்று எழுதிய சீட்டைக் கட்டி வெளியே விட்டோம். ஹுபைஷா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தாள். கோணாமல், தண்ணீர் வராமல் சிரித்தாள். கயிறு திரிப்பவர் தெருவே வேலையை விட்டுவிட்டுத் திரண்டு நின்றது. சிறுபிள்ளைகள் குதிரைக்கு வழி விடு, குதிரைக்கு வழி விடு என்று முன்னால் ஓடினார்கள். பா மஹ்ரூஸ் பல்லக்கை நிறுத்தி இறங்கி, ஊரிலேயே விலை உயர்ந்த குதிரைக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். அதுவும் பதிலுக்குக் கனைத்தது. அன்று ஏடனில் எல்லோரும் பயிற்சி இல்லாமலேயே சிரித்தார்கள்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி இருந்தது. காற்று திரும்பும் மாதத்தில் ஏட்டில் உள்ள எல்லாக் குதிரைகளையும் இந்தியாவுக்குக் கப்பலேற்ற வேண்டும். ஹுபைஷாவின் குதிரையும் ஏட்டில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் முதல் வரியில் இருந்தது. சேதி தெரிந்து அவள் என் திரைக்கு ஓடி வந்தாள். அழாதே, அதற்கும் வழி இருக்கிறது என்று சொன்னேன். 'கடற்பயணத்துக்குத் தகுதியற்றது' என்று ஆண்டுக்கு ஒரு முறை சான்று கொடுத்தால் போதும். மூன்று பேர் முத்திரை வைக்க வேண்டும். கண்காணிப்பாளர், எழுத்தர், மகளிர் முகக் கணக்கர்.

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நாங்கள் மூவரும் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா காத்திருந்தோம். நான்காம் நாள் காலை மண்டபத்து வாசலில் மூன்று தோல் பைகள் இருந்தன. எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. மறுநாளும் இருந்தன. அந்தக் கழுதை, அதாவது குதிரை, ஒரு நடைக்கு ஆறு பைதான் சுமக்கும்.

ஒரு வருடம் கழித்துச் சான்று வாங்க வந்தபோது ஹுபைஷா கேட்டாள்.

"அக்கா, கழுத என்னோடதுதானே?"

"குதிரைடி."

"சரி, குதிரை. என்னோடதுதானே?"

"உன்னோடதுதான். முத்திரை வச்சுக் கொடுத்திருக்கோமே."

"அப்ப அது சுமக்குற தண்ணி?"

நான் நூலைப் புரட்டினேன். அதற்குத் தாள் இல்லை. அவள் போய்விட்டாள். போகும்போது அவள் முகம் என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை. அப்போது என் அலுவல் நேரம் முடிந்திருந்தது.

இப்போது அந்த நூல் ஏழு துறைமுகங்களில் நடைமுறையில் இருக்கிறது. அதைப் படிக்காத சுங்க அலுவலர் இந்தக் கடற்கரையில் இல்லை. அது எவ்வளவு துல்லியமான நூல் என்பதற்கு நானே சாட்சி. தினமும் காலையில் ஹுபைஷாவின் பையை அவிழ்த்து ஒரு குவளை நிறைய ஊற்றிக் குடிக்கிறேன். நல்ல தண்ணீர், இனிப்பான தண்ணீர். குடிக்கும்போது என் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, ஒரு பெருமூச்சும் இல்லை. எதிரே ஹன்ளலா உட்கார்ந்து குடிக்கிறான். அவன் முகத்திலும் இல்லை. ஆகவே, நூலின்படி, அந்தத் தண்ணீருக்கு விலையே இல்லை.